ஓபெத்தின் 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தை எப்படிக் கேட்பது: பாதியில் விட்டவர்களுக்கு ஒரு வழி

சென்னையில் மெட்டல் கேட்கிற நாலு பேர் சேர்ந்த இடத்தில் 'ஹெரிட்டேஜ்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஒருவர் முகம் மலரும், பக்கத்தில் இருப்பவர் "அதோட ஓபெத் முடிஞ்சுது" என்பார். கனமான ராக் இசையான மெட்டல் வாசிக்கும் ஸ்வீடன் இசைக்குழு ஓபெத், அவர்கள் 2011 செப்டம்பரில் வெளியிட்ட ஆல்பம் அது, இன்னும் அந்தச் சண்டை ஓயவில்லை. இந்தச் சண்டையில் நம்ம ஊருக்குத் தனி உரிமையும் உண்டு. 2009-இல் ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவுக்கு ஓபெத் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள், அந்தக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு அந்த இசைக்குழு என்றாலே பாடகரும் கிட்டார் கலைஞருமான மிக்கேல் ஓக்கர்ஃபெல்டின் அடிவயிற்றிலிருந்து உறுமலாக வரும் குரோலும், அடுத்த நிமிடமே அதே வாயிலிருந்து வரும் மென்மையான குரலும் சேர்ந்ததுதான். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து வந்த முதல் புது ஆல்பத்தில் ஒரு குரோல்கூட இல்லை. கோபம் வராமல் இருக்குமா?

அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் நாலாவது ஐந்தாவது பாட்டில் நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்து நேரடியானது: 2011-இல் பெரும்பாலானவர்கள் கேட்டது ஆல்பத்தை இல்லை, ஒரு பிரிவுச் செய்தியை. இனிமேல் குரோல் வராதோ என்ற பயம் காதுக்குள் உட்கார்ந்திருந்தது. இன்று அந்தப் பயத்துக்கு வேலை இல்லை, 2024 நவம்பரில் வந்த 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் குரோல் திரும்பிவிட்டது. ஆகவே 'ஹெரிட்டேஜ்' கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதலில் பின்னாடி போங்கள்

'ஹெரிட்டேஜ்' பக்கம் இன்றைக்கே போகாதீர்கள். ஒரு வாரம் பழைய ஓபெத்தைக் கேளுங்கள், ஆனால் இதுவரை கேட்ட மாதிரி வேண்டாம். கனமான பகுதி எப்போது வரும் என்று காத்திருக்காமல், மென்மையான பகுதிகளை மட்டும் பின்தொடருங்கள். 1996-இல் வந்த 'மார்னிங்ரைஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'டு பிட் யூ ஃபேர்வெல்'. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும், அதில் குரோலே கிடையாது. ஓபெத், குரோலும் கனமும் நிறைந்த டெத் மெட்டல் வகை இசைக்குழுவாக முழு வேகத்தில் இருந்த காலத்திலேயே இது நடந்துவிட்டது. 'ஸ்டில் லைஃப்' ஆல்பத்தில் 'பெனைட்டட்', 'பிளாக்வாட்டர் பார்க்'கில் 'ஹார்வெஸ்ட்', இவற்றையும் அதே வரிசையில் வையுங்கள்.

அப்புறம் 2003-இல் வந்த 'டாம்னேஷன்' ஆல்பத்தை முழுசாக ஒரே உட்காரலில் கேட்டுவிடுங்கள். அதிலும் ஒரு குரோல்கூட இல்லை, கனமான ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) இல்லை. ஆனால் அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லையே, பலபேருக்கு அதுதான் பிடித்த ஆல்பமே. ஏன்? இந்தக் கேள்வியிடம் கொஞ்சம் நில்லுங்கள், மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. 'டாம்னேஷன்' தனியாக வரவில்லை. சில மாதங்கள் முன்னால், 2002 நவம்பரில், 'டெலிவரன்ஸ்' வந்தது. அது அவர்களின் கனமான ஆல்பங்களில் ஒன்று. இரண்டும் ஒரே சமயத்தில் உருவான ஜோடி. கேட்டவர்களுக்கு நிம்மதி இருந்தது, இது ஒரு சின்ன இளைப்பாறல், மறுபடி அந்தப் பக்கம் வருவார்கள் என்று. வந்தார்கள், 2005-இல் 'கோஸ்ட் ரெவரீஸ்' அதைச் செய்தது. 'ஹெரிட்டேஜ்' வந்தபோது அப்படி எந்த உறுதியும் யார் கையிலும் இல்லை. ஆக, ரசிகர்களைக் காயப்படுத்தியது மென்மையே கிடையாது. திரும்பி வருவார்களா என்று தெரியாத நிலைமை.

கடைசியாக 2008-இன் 'வாட்டர்ஷெட்'. அதில் 'பர்டன்' என்று ஒரு பாட்டு. அதன் முடிவில் கிட்டார் வாசிக்கும்போதே தந்திகளைத் தளர்த்திக்கொண்டே போவார்கள், சுருதி கலைந்து கலைந்து பாட்டே குலைந்துபோகும். அதைக் கேட்டபிறகும் இந்த மனிதர்கள் ஒரே இடத்தில் நிற்பார்கள் என்று எப்படி நினைத்தோம்?

இன்னொரு தகவலும் மனதில் இருக்கட்டும். ஓக்கர்ஃபெல்ட் புது ஆல்பத்துக்காக முதலில் எழுதிய பாட்டுகள் 'வாட்டர்ஷெட்' வழியிலேயே இருந்தன. புது ஆல்பமும் அதே மாதிரி வந்தால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று பேஸ் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸ் சொல்லிவிட, அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். சுலபமாகக் கிடைத்ததை வேண்டாம் என்று ஒதுக்கியபிறகு எழுதிய ஆல்பம் இது. பிடிக்கிறதோ இல்லையோ, இதற்கு ஒரு மரியாதை கொடுத்துதான் உட்கார வேண்டும்.

ஃபேன் சத்தமும் போன் அமைப்பும்

இது பலபேர் கவனிக்காத விஷயம், ஆனால் சென்னையில் இதுதான் பாதிப் பிரச்சினை. 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தில் சத்தம் ரொம்பவே ஏறி இறங்கும். இந்தக் காலத்து மெட்டல் ஆல்பங்கள் முதல் விநாடியிலிருந்து கடைசி வரை ஒரே உயரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், போரூர் சிக்னலில் நின்றபடி கேட்டாலும் எல்லாம் காதில் விழும். இதில் அப்படி இல்லை. ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் தந்தியை விரல் தொடும் சத்தம், டிரம்ஸில் முனையால் தட்டுவது, பின்னால் மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டு மெதுவாக மூச்சு விடுவது, இவையெல்லாம் பாட்டின் முக்கியமான பகுதிகள். சீலிங் ஃபேன் மூன்றில் ஓடினால் அதில் பாதி போய்விடும். நம்ம ஊரில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் காதுக்குள் நன்றாக அடைத்துக்கொள்ளும், ஃபோம் முனை வைத்த வயர் இயர்போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமானது தேவையில்லை, ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லது கிடைக்கிறது. ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் வாங்குமுன் காதில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள், பேஸ் மட்டும் முழங்குகிற வகை இந்த ஆல்பத்துக்கு ஆகாது.

காரில் வேண்டாம். ஈசிஆரில் ராத்திரி போகும்போது கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் டயர் சத்தத்தில் மென்மையான இடங்கள் கேட்காது, நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், அடுத்த ரிஃப் வந்து காதில் அறையும், மறுபடி குறைப்பீர்கள். பறக்கும் ரயிலிலும் இதே கதை. போனில் ஷஃபிளை நிறுத்துங்கள், ஒரு பாட்டை இன்னொன்றோடு கலந்து இறக்கும் கிராஸ்ஃபேடை நிறுத்துங்கள், ஈக்வலைசரைச் சமமாக வையுங்கள், பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். முதல் பாட்டான பியானோவின் அமைதியும் இரண்டாவது பாட்டின் முதல் அடியும் ஒரே உயரத்தில் கேட்டால் ஆல்பத்தின் வாசலே இடிந்துவிடும்.

நேரம்: ராத்திரி பத்தரை மணிக்கு மேல். மொத்தம் 57 நிமிடம்.

எந்தப் பாட்டில் தொடங்குவது

ஆல்பத்தை அதன் வரிசையில்தான் கேட்கவேண்டும் என்பவர்கள் என்னை மன்னிக்கட்டும். ஏற்கெனவே ஒருமுறை கேட்டு வெறுத்தவர்களுக்கு அந்த வரிசை உதவாது என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் 'த டெவில்ஸ் ஆர்ச்சர்ட்' தொடங்கியதும், இது 2011-இல் முதலில் வெளிவிட்ட பாட்டாச்சே என்று பழைய ஏமாற்றத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதேபோல 'ஸ்லிதர்' பாட்டிலும் தொடங்காதீர்கள். அது 2010 மே மாதம் இறந்துபோன பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலி, நேரான வேகமான ஹார்ட் ராக், அவர் ரெயின்போ குழுவில் பாடிய காலத்து ஓட்டம். நல்ல பாட்டு. ஆனால் அதில் நுழைந்தால் மீதி ஆல்பமும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுவீர்கள், கடைசியில் அது அக்கூஸ்டிக் கிட்டாரில் கரைந்துபோவதுகூட உறைக்காது.

ஒன்பதாவது பாட்டு 'ஃபோக்லோர்'. அதில் தொடங்குங்கள். எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நாட்டுப்புற மெட்டு மாதிரி ஒரு கிட்டார் வரியில் ஆரம்பித்து, நின்று, யோசித்து, கடைசிப் பகுதியில் பேஸ் ஒரு ஓட்டம் பிடிக்கும். அதன்மேல் எல்லாரும் ஏறிக்கொண்டு முடிவு வரை போவார்கள். பழைய ஓபெத்தில் கடைசி இரண்டு நிமிடங்களில் உடம்பு சிலிர்க்குமே, அதே சிலிர்ப்பு இங்கேயும் இருக்கிறது. குரோல் இல்லாமல், டபுள் பேஸ் டிரம்ஸ் உருட்டாமல் அதைச் செய்திருக்கிறார்கள். இது உங்களுக்குள் இறங்கினால் மீதி வேலை சுலபம்.

அடுத்தது 'ஃபேமின்'. ஆல்பத்தின் மையம் என்று நான் நினைக்கும் பாட்டு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து வாசித்திருக்கிறார்கள். தாளவாத்தியம் அலெக்ஸ் அக்கூன்யா, பெருவில் பிறந்தவர், 1970-களில் வெதர் ரிப்போர்ட் ஜாஸ் இசைக்குழுவில் இருந்தவர். புல்லாங்குழல் பியோர்ன் ஜேசன் லிண்ட், ஸ்வீடன்காரர். அவர் பெயர் தெரியாவிட்டாலும் அவர் வாசிப்பை நம்மில் பலர் கேட்டிருப்போம், 1984-இல் வந்த 'ஒன் நைட் இன் பாங்காக்' பாட்டில் நடுவில் வரும் புல்லாங்குழல் அவருடையது. 'ஃபேமின்' கையால் தட்டும் தாளத்திலும் மூச்சு கலந்த குழலிலும் தொடங்குகிறது. அப்புறம் அது அப்படியே நின்றுபோய் பியானோ வருகிறது. அப்புறம் திடீரென்று ரிஃப். இங்கேதான் நிறையப் பேர் "ஒட்டுப்போட்ட பாட்டு" என்று சொல்லி விலகினார்கள். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் பாட்டின் பின்பகுதிக்குப் போங்கள், மெதுவான, தரையை இழுக்கும் பிளாக் சபாத் இசைக்குழு காலத்து ரிஃப் ஒன்று வரும், அதன்மேல் அந்தக் குழல் வெறிபிடித்த மாதிரி மூச்சைத் துப்பிக்கொண்டு அலையும். கர்நாடகக் கச்சேரிக் குழலில் மூச்சு தெரியாமல் இருப்பதுதான் அழகு. இங்கே மூச்சுதான் வாத்தியமே. அந்த இடத்தின் கனம் ஓபெத்தின் எந்த டெத் மெட்டல் பகுதிக்கும் குறைந்தது இல்லை, கிட்டாரின் கரகரப்பு (டிஸ்டார்ஷன்) குறைவாக இருந்தும்கூட.

இந்த இரண்டும் ஆனபிறகு ஒரு நாள் விட்டுவிடுங்கள். அடுத்து வரிசைப்படி முதலிலிருந்து.

முதல் பாட்டு வெறும் பியானோ, இரண்டு நிமிடம். வாசித்தவர் யோவாகிம் ஸ்வால்பெர்க், பிற்பாடு இசைக்குழுவின் கீபோர்டு கலைஞராகவே சேர்ந்துவிட்டார். இதன் பின்னால் இருப்பது யான் யோஹான்சன் என்ற ஸ்வீடன் ஜாஸ் பியானோ கலைஞர். 1964-இல் அவர் ஸ்வீடன் நாட்டுப்புற மெட்டுகளைப் பியானோவும் பேஸும் மட்டும் வைத்து 'யாஸ் போ ஸ்வென்ஸ்கா' என்று ஒரு ஆல்பமாக வாசித்தார். நேரம் இருந்தால் அதையும் தேடிக் கேளுங்கள், ஐந்து நிமிடம் கேட்டாலே 'ஹெரிட்டேஜ்' எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்று புரிந்துவிடும். எழுபதுகளின் ஆங்கில புரோக்ரஸிவ் ராக் (நீளமான, பல பகுதிகளாக மாறிப்போகும் ராக்) ஒரு பக்கம், இந்தப் பழைய ஸ்வீடன் சோகம் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தைத்தான் எல்லாரும் பேசினார்கள்.

காதை எங்கே வைப்பது

கிட்டாரை விட்டுவிடுங்கள். இது மெட்டல் கேட்கிறவர்களுக்குக் கஷ்டமான அறிவுரை, தெரியும். ஆனால் இந்த ஆல்பத்தை நடத்திச் செல்வது மெண்டெஸின் பேஸும் மார்ட்டின் அக்சன்ரோட்டின் டிரம்ஸும்தான். ஒரு முழுச் சுற்று பேஸை மட்டும் பின்தொடருங்கள். இளையராஜா பாட்டுகளில் பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிட்டார் தனியாக என்ன கதை சொல்கிறது என்று கேட்டுப் பழகிய காது நம்முடையது, இந்த விஷயத்தில் நமக்கு ஐரோப்பிய மெட்டல் ரசிகனைவிடப் பயிற்சி அதிகம் என்றே நான் நம்புகிறேன். 'த லைன்ஸ் இன் மை ஹேண்ட்' பாட்டை அப்படிக் கேளுங்கள்.

டிரம்ஸுக்கு 'நெபென்தி'. டெத் மெட்டல் பின்னணியிலிருந்து வந்த அக்சன்ரோட் இந்தப் பாட்டில் சத்தமே போடாமல், தட்டாமல் தடவி, இடைவெளிகளில் வாசிக்கிறார். நடுவில் கிட்டார் ஜாஸ் ஃபியூஷன் பக்கம் பாய்ந்து திரும்பும். கீபோர்டில் அந்த மெல்லோட்ரான் ஆல்பம் முழுக்க வருகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு டேப் துண்டு, அதில் வயலினோ குழலோ பதிவு செய்திருக்கும், கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு விநாடி ஓடும், அதற்கு மேல் ஓடாது. அந்த லேசான தள்ளாட்டம் டேப்பிலிருந்து வருவது. வாசித்தவர் பெர் விபெர்க், இந்த ஆல்பத்தின் பதிவு முடிந்ததும் இசைக்குழுவை விட்டு விலகிவிட்டார்.

அதை அட்டையிலேயே வரைந்துவிட்டார்கள். ட்ராவிஸ் ஸ்மித் செய்த படம், ஒரு மரம், கிளைகளில் பழங்களுக்குப் பதில் இசைக்குழுவினரின் தலைகள், விபெர்க்கின் தலை மட்டும் கீழே விழுந்துகொண்டிருக்கும். மரத்தடியில் கிடக்கும் மண்டையோடுகள் முன்பே விலகிய உறுப்பினர்கள். தூரத்தில் ஒரு நகரம் எரிகிறது. இவ்வளவு பழமையான, மினுமினுப்பே இல்லாத அட்டையைப் பார்த்தபோதே சிலர் சந்தேகப்பட்டார்கள், அவர்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

பதிவு நடந்த இடம் ஸ்டாக்ஹோமின் அட்லாண்டிஸ் ஸ்டுடியோ. அதன் பழைய பெயர் மெட்ரோனோம், 'வாட்டர்லூ' பாட்டை 'அப்பா' (ABBA) என்ற ஸ்வீடன் பாப் குழுவினர் பதிவு செய்த அதே இடம். பதிவான ஒலிகளைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் வேலையை ஓக்கர்ஃபெல்டும் ஆங்கில இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனும் சேர்ந்து செய்தார்கள். ஒலி மெலிதாக இருக்கிறது என்று குறைப்பட்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம், அறையின் காற்று கேட்கவேண்டும் என்றுதான் அப்படி விட்டிருக்கிறார்கள்.

அன்று சொன்னவற்றில் எது நியாயம்

வரவேற்பை இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுவதே எனக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் வந்த முதல் வாரமே பில்போர்டு 200 என்ற ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம், ஆக வாங்கியவர்கள் குறைவில்லை. வாங்கியவர்களேதான் சண்டையும் போட்டார்கள். அந்த இலையுதிர்காலச் சுற்றுப்பயணத்தில் பழைய ஆல்பங்களிலிருந்து எடுத்த பாட்டுகள்கூடக் குரோல் இல்லாதவைதான். காசு கொடுத்து வந்து நின்றவனுக்கு அது வலிக்கும், நியாயமான வலி. ஸ்டுடியோவில் என்ன வேண்டுமானாலும் செய், மேடையில் ஒரு பாட்டாவது கொடு என்று கேட்பதில் தப்பு இல்லை. அடுத்தடுத்த பயணங்களில் பழைய குரோல் பாட்டுகள் மேடைக்குத் திரும்பவும் வந்தன.

"இது மெட்டலே இல்லை" என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அது ஆல்பத்தைப் பற்றியதே இல்லை. மெட்டல் இல்லைதான், சரி, அப்புறம்? "எழுபதுகளின் நகல்" என்பது பாதி உண்மை. ஓக்கர்ஃபெல்ட் பழைய எல்பி தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். 'பிளாக்வாட்டர் பார்க்' என்ற பெயரே எழுபதுகளின் ஜெர்மன் இசைக்குழு ஒன்றிலிருந்து வந்தது, 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்' என்ற தலைப்பு கோமஸ் என்ற ஆங்கிலக் குழுவின் பாட்டுவரியிலிருந்து வந்தது. அந்தப் பாசம் எப்போதும் இருந்ததுதான், முன்பு டெத் மெட்டலின் அடியில் இருந்தது, இதில் மேலே வந்துவிட்டது. ஆனால் நகல் என்றால் யாருடைய நகல் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பெயரைச் சொல்லமாட்டார்கள். ஐந்து பெயர் சொல்வார்கள், ஐந்தும் ஐந்து மாதிரி இருக்கும்.

"பாட்டுகள் கோர்வையாக இல்லை" என்பதை நான் பெரிதும் ஒப்புக்கொள்கிறேன். 'ஹெக்ஸ்ப்ரொசெஸ்' அழகான இடங்களின் தொகுப்பு, ஆனால் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஏன் போகிறோம் என்று எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் பிடிபடவில்லை. மௌனத்தை வைத்து இரண்டு பகுதிகளை இணைக்கும் பழக்கம் ஆல்பத்தில் ரொம்பவே அதிகம். 2014-இல் வந்த 'பேல் கம்யூனியன்' இதே பாதையில் போய், இந்தக் குறையைப் பெரும்பாலும் சரிசெய்துவிட்டது.

இதே வழி வேறு ஆல்பங்களுக்கு உதவுமா

சிலவற்றுக்கு நன்றாக உதவும். ஃபுளோரிடாவின் சினிக் இசைக்குழுவினர் 1993-இல் 'ஃபோகஸ்' வெளியிட்டார்கள், டெத் மெட்டலுக்கு நடுவில் ஜாஸும் இயந்திரம் பேசுகிற மாதிரி வோகோடர் குரலும். கேனிபல் கார்ப்ஸ் என்ற டெத் மெட்டல் குழுவோடு சுற்றுப்பயணம் போனபோது கூட்டம் அவர்களை ஏற்கவே இல்லை. சீக்கிரமே இசைக்குழுவும் கலைந்தது. இன்று புரோக்ரஸிவ் மெட்டல் பேசுகிற யாரும் அந்த ஆல்பத்தைத் தாண்டிப் பேசுவதில்லை. அதற்கும் இதே மாதிரி பேஸிலிருந்து நுழையலாம்.

ஆனால் 'லூலு'வுக்கு இந்த வழி செல்லாது. அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிக்கா 2011 அக்டோபர் 30-ஆம் தேதி பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள், சென்னையிலிருந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போன கூட்டம் பெரிது. மறுநாளே அமெரிக்க ராக் பாடகர் லூ ரீடோடு அவர்கள் சேர்ந்து செய்த 'லூலு' வெளியானது. தொண்டை வலியோடு ஊர் திரும்பியவர்கள் அதைப் போட்டுக் கேட்டு என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மெட்டாலிக்காவின் பழைய ஆல்பங்களில் பின்னாடி எவ்வளவு போனாலும் 'லூலு'வுக்கு ஒரு ஒற்றையடிப் பாதைகூடக் கிடைக்காது. அதற்கு லூ ரீட் பக்கமிருந்துதான் வரவேண்டும், 1973-இன் 'பெர்லின்' கேட்டுவிட்டு, பாடுகிறாரா பேசுகிறாரா என்று கவலைப்படாமல், கடைசிப் பாட்டான 'ஜூனியர் டாட்' மட்டும் முதலில். பத்தொன்பது நிமிடத்துக்கு மேல், பொறுமை வேண்டும். ஆக ஒரு சோதனை ஆல்பம் கையில் வந்தால் முதல் கேள்வி, இதன் வேர் இந்த இசைக்குழுவின் பழைய ஆல்பங்களில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதுதான். வேர் எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள்.

நாலு பேராகக் கேட்பதானால்

தனியாகக் கேட்டபிறகு, ஆல்பத்தை வெறுக்கும் ஒரு நண்பரையாவது சேர்த்து உட்கார்ந்து ஒருதடவை கேளுங்கள். பிடித்தவர்கள் மட்டும் கூடிக் கேட்பதில் ஒன்றும் கிடைக்காது. அடுக்குமாடி வீடு என்றால் ஸ்பீக்கரை அண்டைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், ராத்திரியில் பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையும் கணக்கில் உண்டு. இந்த ஆல்பத்தில் அந்தத் தொந்தரவு குறைவு என்பது ஒரு வசதி. ஆறாவது பாட்டு முடிந்ததும் நிறுத்துங்கள், அதுவரை சுமார் 32 நிமிடம், அதற்குள் யாரும் வாய் திறக்கக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. காபி குடித்துவிட்டு மீதி நாலு பாட்டு, 25 நிமிடம்.

அப்புறம் பேசுங்கள், சண்டை போடுங்கள், ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டின் எந்த இடம் என்று காட்டாமல் யாரும் நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது. "போரடிக்குது" என்றால் எங்கே போரடித்தது, அந்த நிமிடத்துக்குப் போய் மறுபடி போட்டுக் கேளுங்கள். இப்படிப் பேசும்போதுதான், பிடிக்கவில்லை என்று வந்தவர் 'ஐ ஃபீல் த டார்க்' நடுவில் அந்த இருண்ட மெல்லோட்ரான் இறங்கும் இடத்தில் சும்மா இருக்கிறார் என்பதும், எல்லாம் பிடிக்கும் என்று சொன்னவர் 'ஹெக்ஸ்ப்ரொசெஸ்' ஓடும்போது கடிகாரத்தைப் பார்த்தார் என்பதும் வெளியே வரும்.

இவ்வளவும் செய்தபிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உங்களை யாரும் ரசனை இல்லாதவர் என்று சொல்லமுடியாது. பிடித்துவிட்டால், சிறப்புப் பதிப்பில் மட்டும் வந்த 'பயர்', 'ஃபேஸ் இன் த ஸ்னோ' என்ற இரண்டு பாட்டுகள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். அப்புறம் ஓக்கர்ஃபெல்டும் ஸ்டீவன் வில்சனும் சேர்ந்து 2012-இல் செய்த 'ஸ்டார்ம் கரோஷன்'. அது இதைவிட அமைதி, இதைவிட விசித்திரம், அதில் டிரம்ஸுக்காகக் காத்திருந்தால் நேரம்தான் போகும். அதற்கும் அதே இயர்போன், அதே ராத்திரி நேரம்.